கப்டன் கெல்வரின் நிரந்தர முகவரி

1982ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் எங்கள் குடியேற்றத் திட்டத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சனங்கள் கூடியிருந்து பார்க்கும் தொலைக்காட்சித் தொடர்களின் கதாநாயகர்கள் பிறர்மீது போதியளவு இரக்கம் உடையவர்களா என்பதை உரிய அதிகாரி விசாரித்து, மூன்று பிரதிகளில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு நாட்டில் எல்லோருக்கும் இரக்கம் இருக்க வேண்டியதுதான். அதை ரெலிவிஷனிலிருந்து தொடங்கியதில் எங்களுக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை.

நான் சனசமூக நிலையத்தின் செயலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களில் ஒருவன். எங்கள் இடம் நெடுங்கேணியிலிருந்து ஏழு மைல். மின்சாரம் கிடையாது. நிலையத்தில் உழவு மெசின் பற்றரியில் ரெலிவிஷன் பெட்டியைப் போட்டு, அன்ரெனாவைப் பாலைமரத்தின் உச்சியில் கட்டியிருந்தோம். புதன்கிழமை தோறும் ஆறரை மணிக்குக் கப்டன் கெல்வர் வருவார். விண்கலத்தில் கிரகம் கிரகமாகத் திரிந்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தூக்கி வருவது அவருடைய உத்தியோகம். அவர் இங்கிலிசில் பேசுவார். கமலாசனி ரீச்சர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்குத் தமிழில் சொல்லுவா.

சுற்றறிக்கை வந்த கிழமைதான் கப்டன் பெரிய பிழை விட்டார். எரிகிற ஒரு கிரகத்தில் ஒரு கிழவனை விட்டுவிட்டுப் பறந்துவிட்டார். கலத்தில் எண்ணெய் போதாதாம். ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரக்கம் கெட்டவன் என்று ரீச்சரின் கட்சி. எண்ணெய் இல்லாமல் அந்த மனிசன் என்ன செய்யும் என்று என் கட்சி. கடைசியில் இரு கட்சியும் சேர்ந்து, கப்டன் திரும்பிப்போய்க் கிழவனைக் கூட்டிவர ஆவன செய்யுமாறு ரெலிவிஷன் நிலையத்துக்கு ஒரு மனு எழுதினோம். நூற்று நாற்பத்துமூன்று பேர் ஒப்பம் வைத்தார்கள். எங்கள் ஊரில் ரோட்டுக்குக்கூட அவ்வளவு பேர் ஒப்பம் வைத்ததில்லை.

நூற்று நாற்பத்து நாலாவதாகப் பெருவிரல் அடையாளம் வைத்தது பேச்சியம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு, புருஷன் ஆண்டியப்பனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்து, காட்டோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு எங்கள் வயல்களில் கூலிக்கு நிற்பவள். கிழவனை நினைத்து உண்மையாகவே அழுதாள். ஆனால் அவளுடைய பெயர் ஊரில் வசிப்பவர்களைப் பதியும் வதிவாளர் இடாப்பில் இல்லாதபடியால், அந்த அடையாளத்தை நான் முறைப்படி வெட்டிவிட்டேன். மனு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

விசாரணை மயில்வாகனம் ஐயாவின் கந்தோரில் நடந்தது. ஐயா எங்கள் பகுதியின் உதவி வழங்கும் அதிகாரி. வெளி வாங்குப் பலகையில் பேச்சியம்மா இருந்தாள். அவள் இருந்தது நாலாவது மாதமாக. மாரி மழைக்கு முன் வீடில்லாதவர்களுக்குக் கூரைத் தகரம் கொடுக்கும் திட்டத்தில் ஒரே ஒரு பங்கு, எட்டுத் தகரம், மிஞ்சியிருந்தது. அவளுடைய கூரை போன மாரியிலேயே உக்கிப்போனது. அந்த எட்டுத் தகரமும் கிடைக்காவிட்டால் இந்த மழையில் குடிசை நிற்காது என்பது ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐயா முதலில் கப்டனின் கோவையைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுதுவதென்றால் கிராம அதிகாரியான விதானையாரின் நற்சான்றிதழ் இணைக்க வேண்டும். அது இல்லாமல் ஒருவருக்கு இரக்கம் இருப்பதாகச் சொல்ல எந்தச் சட்டமும் இடம் கொடாது. ஆகவே விதானையார் கதிர்காமநாதன் அழைக்கப்பட்டார்.

"ஆளை எனக்கு நேரிலை தெரியாதே, சேர்," என்றார் விதானையார்.

"புதன்கிழமையிலை பாக்கிறனீர்தானே?"

"ஓம். ஒரு கிழமையும் விட்டதில்லை."

"அப்ப தெரியும் எண்டு எழுதும். விலாசம்?"

விதானையார் என்னைப் பார்த்தார். ஆகாயம் என்று எழுத ஏலாது, அது அவருடைய பிரிவுக்குள் வராது. கப்டன் எங்கள் பிரிவில் தவறாமல் காணப்படும் இடம் சனசமூக நிலையம்தான். அதையே எழுதலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. அன்று பகல் பதினொரு மணிக்குக் கப்டன் கெல்வர் எங்கள் ஊரின் நிரந்தர வதிவாளராகி, இடாப்பிலும் ஏறினார்.

அடுத்தது இரக்கம். கிழவனை விட்டுப் போனதற்குக் காரணம் கேட்டார் ஐயா. எண்ணெய் இல்லை என்று நான் சொன்னதும் அவருடைய முகம் இளகிவிட்டது. கந்தோர் ஜீப்புக்கு டீசல் இல்லாமல் ஐந்து மாதமாக அவரும் ஓரிடமும் போகவில்லை. அந்த மனிசனின் நிலைமை தனக்கு விளங்குகிறதென்றும், வெளியில் இருந்து பேசுகிறவர்களுக்கு விளங்காதென்றும் சொல்லி, தன் கையாலேயே எழுதினார்: 'இரக்கம் போதியளவு உண்டு. வாகன வசதி மட்டுமே குறைவு.'

பிறகுதான் பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்குத் தகரம் கொடுக்க வதிவிடக் கடிதம் வேண்டும். கடிதம் கொடுக்கக் குடிசைக்கு இலக்கம் வேண்டும். இலக்கம் போட ஐயா நேரில் வந்து குடிசையைப் பார்க்க வேண்டும். ஜீப்புக்கு டீசல் இல்லை. குடிசை கந்தோரிலிருந்து முக்கால் மைல். விதானையாரிடம் சைக்கிள் இருந்தது, ஆனால் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம் என்று சுற்றறிக்கை ஒன்றும் வரவில்லை.

"அஞ்சு வருஷமா இங்கதாங்க இருக்கேன்," என்றாள் பேச்சியம்மா. "விதானையார் ஐயா வயல்லயே நாலு போகம் நாத்து நட்டிருக்கேங்க. கேட்டுப் பாருங்க."

விதானையார் கூரையைப் பார்த்தார். "வயலிலை கண்டிருக்கிறன், சேர். ஆனா எங்கை இருக்கிறா எண்டு எனக்கு உத்தியோகரீதியாத் தெரியாது."

பேச்சியம்மா ஐயாவின் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நானும் அந்தப் பொட்டிக்குள்ள போயி நின்னா, என்னையும் தெரியுங்களா ஐயா?"

ஐயா அதற்குக் கோபிக்கவில்லை. அவர் உண்மையில் நல்ல மனிதர். மாரி முடிந்தபின் மறுபடி வந்து பார்க்கும்படி அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

தகரத் திட்டம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் ஐயாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நிபந்தனைகள் மூன்று: ஆள் இடாப்பில் உள்ள வதிவாளராக இருக்க வேண்டும், நன்னடத்தைச் சான்று இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது. ஐயா இடாப்பை மேலிருந்து கீழ்வரை மூன்று தரம் பார்த்தார். மூன்று நிபந்தனைக்கும் ஒத்துவரும் ஆள் எங்கள் பிரிவில் ஒருவர்தான் இருந்தார். கப்டன் கெல்வர்.

அவருடைய விலாசத்துக்குப் பொறுப்பானவன் என்ற முறையில், அவருக்குப் பதிலாக நான் ஒப்பம் வைத்து எட்டுத் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். மனம் உறுத்தவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலையத்தின் கிடுகுக் கூரை ஒழுகியது உண்மை. ஒரு துளி பெட்டிக்குள் இறங்கினால் ஊர் முழுவதும் என்னைத்தான் திட்டும். தகரத்தைப் பெட்டிக்கு மேலும், நாங்கள் இருக்கிற வாங்குகளுக்கு மேலும் அளந்து போட்டோம். ஒரு தகரமும் வீணாகவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் புதன்கிழமை. கொட்டுகிற மழையிலும் ஊர் திரண்டு வந்திருந்தது, ஏனென்றால் அன்று கப்டன் கிழவனைத் தேடித் திரும்பிப் போகிறார். எங்கள் மனுதான் வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினோம். மயில்வாகனம் ஐயாவும் வந்து முன் கதிரையில் இருந்தார். எப்படி வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஜீப் வெளியில் நின்றது.

புகைக்குள் இருந்து கப்டன் கிழவனைத் தன் தோளில் தூக்கினார். கமலாசனி ரீச்சர் தமிழில் சொல்லுவதை விட்டு அழுதா. விதானையார் சால்வையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். அப்படி ஒரு இரக்கத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்கு முன்னால் நாலு பேர் வந்து நின்றார்கள். பேச்சியம்மாவும் ஆண்டியப்பனும் இரண்டு பிள்ளைகளும். தலையிலிருந்து தண்ணீர் ஓடியது. சின்னவளின் கையில் ஒரு சட்டி இருந்தது. குடிசை விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பேச்சியம்மா எங்களைப் பார்க்காமல், மேலே தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கப்டன் கிழவனோடு கலத்தில் ஏறுகிறார். எங்களுக்குப் பெட்டியில் ஒன்றும் தெரியவில்லை.

"பேச்சியம்மா, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும். மறைக்குது."

சொன்னவரின் குரல் கப்டனை நினைத்து இன்னும் தழுதழுத்துக்கொண்டிருந்தது. அது என்னுடைய குரல்தான்.

அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள். அந்த இடத்தில் கப்டன் கெல்வரின் எட்டுத் தகரமும் முடிந்து, மழை பெய்துகொண்டிருந்தது.