நீ கழுவிவிட்ட சத்தம்

ஓல்டன், சுவிஸ்,
திங்கள் பின்னேரம்.

பாசல் மாநகரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உத்தியோகம் பார்க்கும் என் ஒரே மருமகன் செல்வன் நிலன் அறிய, மாமா யோகராஜா எழுதுவது. இங்கு நானும் மாமியும் சுகம், என் முழங்காலைத் தவிர. உனக்கும் அம்மாவுக்கும் வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை செய்தோம். இனிமேல் கோபமாக எழுதப்போகிறேன், ஆகையால் மரியாதை முழுவதையும் இந்தப் பந்தியிலேயே பெற்றுக்கொள்ளவும்.

நீ அனுப்பிய இசைத்தட்டு வந்தது. 'நாஸ்ஸி சொக்கா' என்ற பழைய எம்மன்புரூக்கே ஊர்ப் பங்க் குழுவின் தட்டைத் திரும்ப அச்சடிக்கிறோம், கடைக்குப் போகமுன் மாதிரிக்கு ஒன்று, இரைச்சலெல்லாம் நானே துடைத்தேன் மாமா, என்று எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் போட்டுக் கேட்க மெசின் வேண்டாமா, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கெஞ்சி இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தால், மாமி மேசை முழுக்க செத்தல் மிளகாய் பரப்பியிருக்கிறா, அதைக் கையால் ஒதுக்கி மெசினை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால், ஞாயிற்றுக்கிழமையில் என்ன கூத்து என்று கீழ் வீட்டு அம்மா தும்புத்தடியால் முகட்டில் இடிக்கிறா, அந்த நேரம் பார்த்து எங்கட தர்மிகாவுக்குச் சம்பந்தம் பேச சூரிச்சிலிருந்து மாப்பிள்ளை பகுதி பழத்தட்டோடு வந்து நிற்குது. நான் ஸ்பீக்கரில் காதை வைத்தபடி, மிளகாய்க் கையால் கண்ணைக் கசக்கி, தாரை தாரையாக அழுதுகொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் தாய், "அழாதேங்கோ அண்ணை, மகள் சூரிச்சுக்குத்தானே வாறா" என்று ஆறுதல் சொன்னா.

மிளகாய் பாதிதான் காரணம், மருமகனே. இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டில் ட்ரம் நிற்கிற இடத்தில் ஒரு கூப்பாடு வரவேணும். வரவில்லை. நீ துடைத்துப்போட்டாய். அடேய், அது உன் அப்பாவின் குரல்!

எண்பத்தேழில் நானும் தம்பித்துரையும் அந்த எம்மன்புரூக்கே அகதி முகாமில் ஒரே அறை. அப்போது அவர் உனக்கு அப்பாவும் இல்லை, எனக்கு அத்தானும் இல்லை, வெறும் தம்பித்துரை. வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமுக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த சாயத் தொழிற்சாலையை உடைத்து ஒரு கூட்டம் பங்க் பெடியள் குடியேறியிருந்தார்கள். தலையில் சேவல் கொண்டை, காதில் சட்டைப்பின். வங்கிக்கும் ஒபரா நாடகத்துக்கும் மாளிகை கட்டுறாங்கள், எங்களுக்குப் பாட ஒரு அறை தரமாட்டாங்களாம் என்பதுதான் அவர்களுடைய சண்டை. இருக்க இடமில்லாத கதை எங்களுக்கு விளங்காதா என்ன! அவர்களிடம் பெரிய அடுப்பு இருந்தது, எங்களிடம் பருப்பு இருந்தது. இறைச்சி தொடமாட்டோம் என்று பாணும் கரட்டும் கடித்துக்கொண்டிருந்த பெடியள் எங்கள் பருப்புக்கறியில் விழுந்தவர்கள்தான், எழும்பவேயில்லை. தம்பித்துரையை ஊருக்குத் திருப்பி அனுப்பக் கடிதம் வந்த அன்றைக்கு அத்தனை கொண்டையும் அலுவலக வாசலில் மழைக்குள் நின்று கத்தியது. அந்தக் காலத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு நெஞ்சு நிறையும்.

தட்டைப் பதிந்தது நாங்கள் சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில். பாட்டு நடுவில் "சோறு ஆறுது, வாங்கோடா!" என்று கூப்பாடு விழுந்துவிட்டது. நான்தான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பாட்டுக்காரன் றேட்டோ சிரித்தான். "பிழை கிடக்கட்டும், அதுதான் பங்க்" என்றான். பிழை திருத்தாததுதான் அவர்களுடைய சமயம். நீ அதைப் போய்ச் சலவைக்குப் போட்டிருக்கிறாய்.

உனக்கு இரண்டு வயதில் அப்பா கண்ணை மூடிவிட்டார். மிஞ்சியது கலியாண வீடியோ. வீடியோக்காரன் முழுக்கச் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டான், அப்பாவின் வாய் அசையும், குரல் வராது. சின்னனில் நீ ரீவியில் காதை ஒட்டி, "மாமா, அப்பா என்ன சொல்லுறார்?" என்று கேட்டாய். "சாப்பிடக் கூப்பிடுறார்" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த நாளில் றேட்டோ தந்த பழைய தட்டை உனக்குப் போட்டுக் காட்ட வைத்திருந்தேன், வீடு மாறியதில் தொலைந்தது. நேற்றுத் தேடினால், மாமி அதைக் கறிவேப்பிலைச் சாடிக்கு அடித்தட்டாக வைத்திருக்கிறா. "வட்டமா இருந்தது, வைச்சன்" என்கிறா. இனி அது பாடாது.

ஆகவே, தட்டு மொத்தமாக அச்சுக்குப் போகமுன் அந்தக் கூப்பாட்டைத் திரும்பப் போடு. முதலாளி கேட்டால் பங்க் சமயம் என்று சொல்லு.

நல்லூரான் உனக்குத் தீர்க்காயுளும், கூர்மையான காதும் தருவானாக. அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
கண் இன்னும் எரியும் மாமா,
யோகராஜா

பி.கு: மாமி இதை வாசித்துவிட்டு, பழைய தட்டைப் பாத்திரம் கழுவுகிற சோப்பில் தேய்த்து மெசினில் போட்டா. முதல் பக்கம் போய்விட்டது. இரண்டாம் பக்கம் பாடுது! அந்த இடம் வந்ததும், "உங்கட விசர்க்கதை! இது தம்பித்துரை அண்ணையோ? கலியாணம் கட்டின நாள்முதலா நான் கேக்கிற கத்தல் இது. நீங்கள்தான்" என்றா. திரும்பப் போட்டேன். ஓம், நான்தான். ஆனால் என் கத்தல் முடிய, பின்னால் ஒருவர் சிரிக்கிறார். மூக்கில் தொடங்கி, மூச்சு முட்டி, அப்படியே நீ சிரிக்கிற சிரிப்பு. என் கத்தல் போனால் போகட்டும். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பப் போடு. இல்லத்து ஆச்சிமார் மெசினைத் தேடுகினம், நீ வந்து கேட்கும்வரை நான் கொடுக்கமாட்டேன். மாமி பருப்பும் வைத்துவிட்டா. அடுத்த ரயிலைப் பிடி. சோறு ஆறுது, வாடா.