கருத்தே இல்லாத வெண்டல்

உலக நீதித்துறை வரலாற்றில் நடுநிலைமை என்னும் பண்பு இரண்டே முறைதான் முழு உருவம் எடுத்தது. ஒன்று, தராசு. மற்றொன்று, நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், டாமரக் மாவட்டத்தில் வக்கீலாக இருந்த வெண்டல் ஹாப்ரிக். தராசாவது சில சமயம் ஆடும்.

அந்த ஆண்டு குடும்ப நீதிமன்ற நீதிபதி தேர்தலில் வெண்டல் நின்றார். வேட்பாளர்களுக்கு ஒரு விதி உண்டு: நாளை தன் முன் வழக்காக வரக்கூடிய எதைப் பற்றியும் இன்றே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. மற்றவர்கள் இதைப் படித்தார்கள். வெண்டல் ஆராய்ந்தார். குடும்பம் என்றால் பிள்ளை, மாமியார், நாய், சாப்பாடு எல்லாம்தானே? மார்ச் மாதம் முதல் தேதியிலிருந்து அவர் கருத்து வைத்துக்கொள்வதையே நிறுத்திவிட்டார்.

தீயணைப்பு நிலையத்தில் நடந்த பான்கேக் விருந்தில், கரண்டியும் கையுமாக நின்ற டோரதி கேட்டார். "சிரப்பு எப்படி இருக்கு வக்கீல் சார்?"

"மன்னிக்கணும்மா. இந்த ஊர்ல மேப்பிள் சிரப் காய்ச்சுறது ரெண்டே குடும்பம். நாளைக்கு அவங்க வீட்டுப் பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு கேஸு வரலாம். இப்பவே இனிக்குதுன்னு சொல்லிட்டா நான் அவங்க ஆளுன்னு ஆயிடும்."

டோரதிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன மனுஷன்யா! நாக்குல பட்டதைக்கூட வெளிய விடமாட்டேங்கிறாரே" என்று பக்கத்து மேசையில் சொன்னார். அந்த மேசையின் ஏழு ஓட்டும் அப்போதே வெண்டலுக்கு விழுந்தன.

வீட்டில் இந்த உயர்ந்த பண்பு போதிய வரவேற்பைப் பெறவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"எங்கம்மா நவம்பர்ல நன்றி நாள் விருந்துக்கு வரலாமா, வேணாமா? ஒரே வார்த்தை சொல்லு" என்றார் மனைவி கொரின்.

"பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பாட்டிக்கு உள்ள உரிமை. நேரடியா என் கோர்ட்டு விஷயம், கொரின்."

"சரி விடு. இந்த ஸ்வெட்டர் எனக்கு நல்லாயிருக்கா?"

வெண்டல் ஸ்வெட்டரை முன்னும் பின்னும் பார்த்தார். "ரெண்டு தரப்பையும் கேக்கணும்."

"ஸ்வெட்டரையுமா?"

செப்டம்பரில் கொரின் இரண்டு பெட்டிகளைக் கட்டினார். பிள்ளைகளைக் காரில் ஏற்றினார். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன் வெண்டல். போகாதேன்னாவது சொல்லேன்டா" என்றார். வெண்டல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பது விசாரணைக்குரிய விஷயம். கதவைத் திறந்துவிட்டால் 'போ' என்றாகும்; மூடினால் 'இரு' என்றாகும். ஆகவே கதவைப் பாதி திறந்து பிடித்தபடியே, கார் தெருமுனை திரும்பும் வரை நின்றார்.

அக்டோபரில் நூலகத்தில் வேட்பாளர் விவாதம். எதிர்வேட்பாளர் ஃபிலிஸ் ஸ்ட்ராண்ட் இருபது ஆண்டு அனுபவமுள்ள வக்கீல். கூட்டத்தில் ஓர் ஆசிரியை எழுந்து, "பிள்ளைங்க பசியோட தூங்கப் போறது தப்புதானே?" என்று கேட்டார்.

"தப்பு" என்றார் ஃபிலிஸ்.

அரங்கம் அதிர்ந்துபோனது. "இப்படிப் பட்டுனு சொல்லிட்டாங்களே!" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

வெண்டல் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். "பசி என்ன சொல்லுதுன்னு விசாரிக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கைதட்டல் நான்கு நிமிடம் நீடித்தது. தேர்தலில் ஃபிலிஸ் 'மண்ணைக் கவ்வினார்'. கொரின் மட்டும் பிள்ளைகளைத் தன்னிடம் விடக் கோரும் மனுவைப் பக்கத்து மாவட்ட நீதிமன்றத்தில் போட்டார். இங்கே போட்டால் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்றாராம். பிரிவுத் துயரில் இருப்பவர்கள் அப்படித்தான் மிகைப்படுத்துவார்கள்.

முதல் வழக்கு டெஸ்ஸா என்ற எட்டு வயதுச் சிறுமியுடையது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. நடுவில், முதுகில் பையோடு அவள்.

"சார், இன்னிக்கு நான் யார் வீட்டுக்குப் போகணும்?"

நீதிபதியின் பதவிக்காலம் பத்து ஆண்டு. அதன்பின் மறுபடி தேர்தல். ஆக, ஒரு நீதிபதி எந்நேரமும் வேட்பாளரே என்று வெண்டல் கண்டறிந்தார். வழக்கை ஒத்திவைத்து, அதுவரை எந்தத் தரப்பையும் சேராத டெஸ்ஸாவின் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹான்லியிடம் அவளை அனுப்பினார். அடுத்த வழக்கையும் ஒத்திவைத்தார். பத்து ஆண்டுகளில் மேல் நீதிமன்றம் அவருடைய ஒரு தீர்ப்பைக்கூட ரத்து செய்யவில்லை. மாநிலத்தில் வேறு யாருக்கும் இல்லாத இந்தப் பெருமைக்காக வக்கீல்கள் சங்கம் அவருக்கு ஒரு கேடயம் வழங்கியது.

மறுதேர்தல் வந்தது. வெண்டல் துண்டுப் பிரசுரங்களோடு வீடு வீடாகப் போனார். மளிகைக் கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் ஓர் இளம்பெண் கதவைத் திறந்தாள்.

"போன வாரம்தான் சார் பதினெட்டு முடிஞ்சுது. முதல் ஓட்டு. என்னைத் தெரியலையா? டெஸ்ஸா. நாப்பத்தோரு வாய்தா."

வெண்டல் முகம் மலர்ந்தார். "அடடே! இது அம்மா வீடா, அப்பா வீடா?"

"என் வீடு. நீங்க சொல்லட்டும்னு அம்மா காத்திருந்தாங்க. அப்பாவும் காத்திருந்தாரு. அப்புறம் ரெண்டு பேருமே வர்றதை விட்டுட்டாங்க. நான் பத்து வருஷம் மிஸஸ் ஹான்லி வீட்டு சோஃபாவுல படுத்திருந்தேன்."

அவள் பிரசுரத்தை வாங்கி உரக்கப் படித்தாள். "எந்தப் பக்கமும் சாயாத நீதிபதி."

பிறகு அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"இது பொய் சார். பத்து வருஷமா கோர்ட்டுல அந்தத் தோல் நாற்காலியில நல்லாத்தானே சாஞ்சிருந்தீங்க?"