வாசர் நானாவும் டீச்சர் வீட்டு மெசினும்

கண்டியில் வாசர் நானா கை வைக்காத தண்ணீர்ப் பைப் ஒன்று இருக்குமானால், அது இன்னும் கடையில் விற்காமல் கிடக்கும் பைப்பாகத்தான் இருக்கும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்பிட்டிய வரை எந்த வீட்டில் பைப் ஒழுகினாலும் அவருக்குத் தெருவிலேயே கேட்டுவிடும் என்று சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் அவரேதான்.

முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பைப்புக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்துக்கு இங்கே வாசர் என்று பெயர். நானாவின் சட்டைப் பையில், சாரத்து மடிப்பில், தொப்பிக்குள்கூட வாசர் இருக்கும். உலகத்தில் எது பழுதானாலும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான். ரேடியோ கரகரத்தால் "வாசர் போய்த்து." பஸ் மேட்டில் ஏறாமல் நின்றால் "வாசர் போய்த்து." பக்கத்து வீட்டில் புருசனும் பெண்சாதியும் சண்டை போட்டால், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இதுவும் வாசர்தான்" என்பார்.

நான் அம்பிட்டியப் பக்கம் டீச்சர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் மா பிசைகிற வேலை. டீச்சர் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு பீங்கானைப் பிடித்துக் கழுவவே சிரமப்பட்டார். கொழும்பில் இருக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் மெசின் ஒன்றை வாங்கி லொறியில் அனுப்பினார். கூடவே போனில் ஒரு பேச்சும் வந்தது.

"இதுவும் சரிவரலன்னா வீட்டப் பூட்டிட்டு எங்க கூட வந்துருங்கம்மா. பிளாட்ல ஒரு ரூம் இருக்கு."

கொழும்பு என்றாலே டீச்சருக்கு மூச்சு முட்டும். "அந்த ரூம் ஜன்னலத் தொறந்தா அடுத்த பிளாட்டு பாத்ரூம்தான் தெரியுது" என்று என்னிடம் சொன்னார். ஆகவே அந்த மெசின் ஓடவேண்டும். ஓடினால் டீச்சர் கண்டியில். நின்றால் கொழும்பில்.

கொஞ்ச நாளிலேயே அது நின்றது. தண்ணீர் வெளியே போகாமல் அடியில் தேங்கிவிட்டது. நானாவுக்குப் போன் போடச் சொன்னார் டீச்சர். போனில் பேசுவதென்றால் எனக்கு வியர்த்துவிடும். "டீச்சர் வீட்டு டிஷ் வாசர் பழுது நானா, வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நானா ஏணியோடு வந்தார்.

எங்கள் பக்கம் டிஷ் என்றால் கூரைமேல் இருக்கும் டீவி டிஷ்தான். வாசர் என்றால் வாசர்தான். இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் மனிதர் கூரையில் ஏறிவிட்டார். உள்ளே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தில் மாமியார் மருமகளை அறையக் கையை ஓங்கினாள். அதோடு படம் போய்விட்டது.

"தம்பி, இந்த டிஷ்ல வாசர் எங்க ஈக்கி?" என்று மேலிருந்து குரல் வந்தது.

டீச்சர் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "நானா, அங்க என்னா செய்றீங்க?"

"டிஷ் வாசர் பழுதுன்டு தம்பி சென்னாரு. முழுக்கக் கழத்திப் பாத்துட்டேன் டீச்சர். வாசர் ஒன்டையும் காணல்ல. களவு போய்த்து போல."

"அது குசினியில இருக்குங்க நானா."

கூரை விளிம்பில் நானாவின் தலை எட்டிப் பார்த்தது.

"டிஷ்ஷக் கொண்டுபோய்க் குசினியில வச்சா படம் எப்பிடி டீச்சர் வரும்?"

ஒருவழியாக இறங்கி வந்தார். மெசினைச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்தார், தேங்கிய தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி அடியில் எச்சிலைப் பிடிக்கும் வடியைக் கழற்றினார். அதற்குள் ரம்பை இலைத் துண்டு, கருவேப்பிலை, தேங்காய்ப்பூ, ஒரு நெத்தலித் தலை.

"இது மெசினில்ல டீச்சர், சோத்துப் பார்சல்."

"எச்சிலோட அப்பிடியே வைக்கலாம்னு மெசினக் கொண்டாந்தவர் சொன்னாருங்க நானா."

"அவர்ட ஊட்டுல கறிக்கி ரம்பை போடுறல்ல போல."

வடியைக் கழுவி மாட்டியதும் தண்ணீர் போய்விட்டது. நானாவும் அதோடு போயிருக்கலாம். ஆனால் ஒரு வாசர்கூட மாற்றாமல் ஒரு பழுது தீர்ந்ததை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒருநாள் மெசினுக்கென்று வந்த தூள் முடிந்திருந்தது. "சவுக்காரம் எல்லாம் ஒன்டுதான்" என்று உடுப்புக் கழுவும் தூளை அள்ளிப் போட்டார் நானா. கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கிலிருந்து நுரை எட்டிப் பார்த்தது. பிறகு தாராளமாக வெளியே வந்தது. குசினியை நிறைத்து, வாசலைத் தாண்டி, முற்றத்துப் படிகளில் இறங்கியது. பக்கத்து வீட்டு நாய் அதைப் பார்த்துக் குரைத்தது. பிறகு குரைப்பு மட்டும் கேட்டது, நாயைக் காணவில்லை. முழங்கால் வரை நுரையில் நின்றுகொண்டு நானா, "பாருங்க டீச்சர், என்ன சுத்தம்" என்றார். டீச்சர் கதிரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

பிறகு கீழ்த் தட்டில் வைத்த பீங்கான்கள் கறி நிறத்திலேயே வரத் தொடங்கின. நானா ஒரு முக்காலியைப் போட்டு, மெசின் கதவில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. இது கதைக்கிது."

நான் வாயே திறக்கவில்லை.

உள்ளே எதுவோ டக்கென்று இடித்தது. திறந்து பார்த்தால், சிரட்டை அகப்பையின் காம்பு கீழ்க் கூடையின் இடுக்கில் இறங்கி, தண்ணீரை வீசிச் சுழலும் கையைத் தடுத்துக்கொண்டிருந்தது. அகப்பையை உருவி எடுத்த நானா, "கையப் புடிச்சிக்கிட்டு நின்டா யாருக்குத்தான் வேல செய்ய ஏலும்?" என்று அதைக் கண்டித்தார்.

அன்றிலிருந்து காது வைத்துக் கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தண்ணீர் நிரம்பும்போது குளுகுளு, கழுவும்போது சவ்வு சவ்வு, வடியும்போது கிர்ர், முடிந்ததும் டொக். மெசினின் முழுப் பாட்டும் அவருக்கு மனப்பாடம். தேத்தண்ணிக் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவார். கேட்காதவர்களுக்கும் செய்து காட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் மகன் கொழும்பிலிருந்து வந்தார். தற்செயலாக வந்தவர்போல நானாவும் புதுத் தொப்பியோடு வந்து சேர்ந்தார். சாப்பாடு முடிந்ததும் மகன், "மெசினப் போடுங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

"நீங்க இரிங்க தம்பி, அது எங்கட வேல" என்று நானா என்னையும் இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். வடி சுத்தம். தூள் சரியான தூள். அகப்பை அலுமாரியில். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வாப்பாவைப்போல் மெசினின் தலையில் தட்டி, கதவைப் படாரென்று சாத்தினார்.

கொக்கி உடைந்து கையோடு வந்துவிட்டது. கதவு பூட்டாவிட்டால் அந்த மெசின் ஓடாது. நானா என்னைப் பார்த்தார். வாசர் போய்த்து என்று அவர் சொல்லாமல் நின்றதை அன்றுதான் கண்டேன்.

"என்னா நானா, சத்தத்தக் காணோம்?" என்று கூடத்திலிருந்து டீச்சர் கேட்டார்.

நானா குசினிக் கதவைச் சாத்தினார். சட்டைக் கையைச் சுருட்டினார். பிறகு வாயால், "குளுகுளுகுளு" என்றார்.

அவர் கண்ணாலேயே துவாயைக் காட்டினார். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கையால் கழுவ நான் துடைத்து உள்ளே அடுக்கினேன். "சவ்வு சவ்வு" என்று வெகுநேரம் செய்து அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கையால் என் விலாவில் ஒரு குத்து விட்டார். போனில் பேசவே வியர்க்கும் நான், "சவ்வு சவ்வு" என்றேன்.

"ரெண்டு கொரல்ல சத்தம் போடுதேம்மா" என்று மகன் சொல்வது கேட்டது.

நானா கிர்ர் என்று வடித்து, நாக்கால் டொக் என்று முடித்தார். அந்த டொக் மெசினைவிடத் திருத்தமாக இருந்தது.

மகன் உள்ளே வந்து ஒரு பீங்கானை எடுத்தார். "குளிரா இருக்கே நானா. சூடாத்தானே வரணும்?"

"வாசர் மாத்தினேன் தம்பி. இனி இப்பிடித்தான் வரும்."

மகன், நானாவின் முழங்கையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் இருந்த துவாயைப் பார்த்தார். மெசின்மேல் கிடந்த உடைந்த கொக்கியைப் பார்த்தார். டீச்சர் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஒங்க தாடியில நுரை இருக்கு நானா."

"மெசினுக்குப் பக்கத்துல நின்டா தெறிக்கும்."

மகன் பீங்கானைப் பத்திரமாகத் திரும்ப வைத்தார். "மெசின் நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. கொழும்புல இந்த மாதிரி ஒன்னு கெடைக்காது. நீங்க இங்கயே இருங்க."

புதுக் கொக்கி அடுத்த கிழமையே வந்தது. மெசின் இன்றைக்கும் ஓடுகிறது. நானாதான் இங்கே இல்லை. முழங்கால் முடியாமல் போய், மகள் கம்பளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பார்க்கப் போனபோது, "மூட்டுல வாசர் போய்த்து தம்பி, இந்த அளவு எங்கேயும் கெடைக்கிறல்ல" என்றார்.

பகல் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் மெசினைப் போடுவார். அது குளுகுளு என்று தொடங்கும்போது இரண்டு பேரும் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்போம்.

"நானா இத விட நல்லாச் செய்வாருல்ல?" என்பார் டீச்சர்.