குணலட்சுமி வீட்டுக் கிணற்றுக்கு அனுமதிப்பத்திரம்

தண்ணீரைக் காப்பாற்றவென்றே இந்தப் பூமியில் பிறந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றின் பின்னறையில், கால் ஆடும் மேசைக்கு முன்னால் அமர்ந்திருந்ததை வரலாறு கவனிக்கத் தவறிவிட்டது. அவர்தான் கண்காணிப்பு உத்தியோகத்தர் ஆழ்வாப்பிள்ளை.

தொழிற்சாலைகள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன, எவ்வளவு கழிவுநீரை வெளியே விடுகின்றன, அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை மீறுகின்றனவா என்று பார்ப்பது அவருடைய கடமை. அது 1992ஆம் ஆண்டு, போர்க்காலம். மின்சாரம் போய்விட்டது, பெற்றோல் போய்விட்டது, சவர்க்காரமும் பற்றரியும் வடக்கே வரக்கூடாத பொருட்கள் ஆகிவிட்டன. கண்காணிப்பு மட்டும் போகவில்லை.

அவருடைய பட்டியலில் பதினான்கு தொழிற்சாலைகள். பதின்மூன்று பூட்டிக் கிடந்தன. ஆனாலும் மாதந்தோறும் சைக்கிளில் போய், பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, "கழிவுநீர்: இல்லை. நிபந்தனை மீறல்: இல்லை" என்று பதிவார். செல்குண்டு விழுந்த ஒன்றைப் பற்றி, "கூரையும் இல்லை, எனினும் மீறல் இல்லை" என்று எழுதினார். கொழும்பு மேலிடம் மகிழ்ந்து போயிற்று. வடக்கில் நீர் மாசடைதல் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பாராட்டி ஒரு கடிதம் நாலு மாதம் பிந்தி வந்தது. ஆழ்வாப்பிள்ளை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

பதினான்காவது, மானிப்பாய்ப் பக்கத்தில் இளையதம்பி முதலாளியின் சவர்க்கார ஆலை. வெளியிலிருந்து சவர்க்காரம் வராததால் அது மட்டும் ஓய்வில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் அந்த ஆலைக்குப் பக்கத்து வளவுக்காரி குணலட்சுமி கந்தோருக்கு வந்தாள். கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

"ஐயா, இது என்ரை கிணத்துத் தண்ணி. பாருங்கோ." அவள் குலுக்கினாள். நுரை கழுத்து வரைக்கும் பொங்கி வந்தது.

"சவுக்காரம் ஏதும் கலந்தனீங்களோ?"

"சவுக்காரம் இண்டைக்கு விக்கிற விலையிலை, தண்ணியிலை கரைச்சு விளையாடுவனே ஐயா? எல்லாம் உந்த ஆலைக் கழிவு. இதைக் குடிச்சு என்ரை மூண்டு வயசுப் பிள்ளைக்கு ஒன்பது நாளாய் வயித்தாலை போகுது. எங்களுக்கு வேறை கிணறு இல்லை. உதை நிப்பாட்டுங்கோ."

ஆழ்வாப்பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது. உடனே செயலில் இறங்கினார்: ஆலையைப் பரிசோதிக்க வருவதாக முதலாளிக்கு ஏழுநாள் முன்னறிவித்தல் அனுப்பினார். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவருடைய வளவுக்குள் நுழைவது பண்பாகாது என்று சுற்றுநிருபமே சொல்லியிருந்தது.

எட்டாம் நாள் முதலாளி வாசலிலேயே நின்று வரவேற்றார். ஆறாம் நிபந்தனை: "கழிவுநீர் வளவின் எல்லையைத் தாண்டலாகாது." ஆழ்வாப்பிள்ளை கிடுகு வேலியைச் சுற்றி நடந்து, அடிக்கு ஒருதரம் குடைக்கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"அப்ப கழிவெல்லாம் எங்கை போகுது முதலாளி?"

"பின்னுக்கு இருக்கிற பாழ்கிணத்துக்குள்ளை ஐயா. அதுவும் எங்கடை வளவுதானே?"

"நிரம்பி வழியிறேல்லையோ?"

"இரண்டு வருசமாய் ஊத்துறம். ஒரு முழம் ஏறேல்லை. கைராசியான கிணறு."

ஆழ்வாப்பிள்ளை நெகிழ்ந்து போனார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே எல்லாக் கிணறும் ஒரே தண்ணீர் என்பது ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். ஆனால் நிலத்துக்குக் கீழே வேலி போட இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் அங்கேயும் நாங்கள் எல்லை வழக்கு நடத்தியிருப்போம். வேலி இல்லாத இடத்தில் மீறல் எப்படி வரும்? "கழிவுநீர் வெளியேற்றம்: பூச்சியம். முன்மாதிரி ஆலை" என்று எழுதினார்.

முதலாளி இளநீர் வெட்டிக் கொடுத்தார். "இஞ்சை நாங்கள் ஒருத்தரும் கிணத்துத் தண்ணி குடிக்கிறேல்லை ஐயா." நீர்ச் சிக்கனம் என்ற தலைப்பின் கீழ் ஆழ்வாப்பிள்ளை அதையும் பதிந்துகொண்டார்.

பிறகு குணலட்சுமியின் வளவுக்குப் போனார். கிணற்றடியில் நாலு வீட்டுப் பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் தண்ணீரிலேயே நுரை பறந்தது. ஆழ்வாப்பிள்ளையின் அறிவுக்கு எல்லாம் விளங்கிற்று.

"பிள்ளை, ஆலையிலை இருந்து ஒரு சொட்டும் வெளியிலை வரேல்லை. அது பரிசோதிச்சு முடிஞ்சுது. நுரை உங்கடை வளவிலைதான் இருக்கு. அப்ப நுரையை உற்பத்தி செய்யிறது ஆர்?"

"என்ரை கிணறோ ஐயா?"

"அதோடை இது சலவைத் தொழில். அனுமதிப்பத்திரம் எடுத்தனீங்களோ?"

"சவுக்காரம் வாங்க வழியில்லாததுகள் வந்து தோய்க்குதுகள். நான் என்னெண்டு போகச் சொல்லுறது? எனக்குக் குடிக்கிற தண்ணி வேணும் ஐயா. பிள்ளைக்கு இண்டைக்குப் பதினேழாம் நாள். எழும்பி இருக்கேலாமல் கிடக்குது."

சட்டப்படி அவர் கிணற்றை மூடி முத்திரை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சைக்கிள் கரியரில் படிவத்தை விரித்து, குணலட்சுமியின் கிணற்றுக்கு ஆறுமாதத் தற்காலிக அனுமதிப்பத்திரம் எழுதத் தொடங்கினார். தொழிலின் பெயர்: நுரைநீர் உற்பத்தி. தொழிலாளர்: ஒருவர்.

கடைசியில் படிவத்தில் நிரப்ப ஒரே ஒரு கூடு மிஞ்சியது: "நீரின் சுவை." பரிசோதனை மருந்துகள் வடக்கே வர விடாததால், உத்தியோகத்தர் தாமே குடித்துப் பார்த்துப் பதிய வேண்டும் என்பது விதி. அவர் அதை வாய்விட்டு வாசித்தார்.

குணலட்சுமி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். ஒரு பேணி நிறைய வார்த்து, இரண்டு கையாலும் நீட்டினாள். தோய்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆழ்வாப்பிள்ளை பேணியை வாங்கினார். தண்ணீரைப் பார்த்தார். பேணியை மெதுவாகக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, "திருப்திகரம்" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"குடிக்காமல் எப்பிடி ஐயா எழுதினனீங்கள்?"

"என்ன பிள்ளை விசர்க் கதை கதைக்கிறியள்? எனக்கும் வயித்தாலை போகத் தொடங்கினால், பிறகு உங்கடை தண்ணியை ஆர் கண்காணிக்கிறது?"