வாய்ப்பூட்டு மிஸ்

எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன நோய், யார் யார்மேல் வழக்குப் போடப் போகிறார், யாருக்கு முடி கொட்டுகிறது என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனுஷி வாய்ப்பூட்டு மிஸ்தான். அதில் அரை வார்த்தையைக்கூட வெளியே விடாத ஒரே மனுஷியும் அவர்தான்.

இரத்தோட்டை போகும் வழியிலுள்ள எங்கள் சின்ன டவுனில், மரக்கறிச் சந்தைக்கு மேல்மாடியில் இருக்கிறது நூலகம். மிஸ் அங்கே இருபத்தைந்து வருட நூலகர். வாசிக்கும் இடத்தில் பேசுகிறவர்களின் வாயைப் பூட்டுவதால் வந்த பெயர் என்று புதியவர்கள் நினைப்பார்கள். இல்லை, பூட்டு அவருடைய வாய்க்கு. கரட் விலையைப் பற்றிக் கேட்டால் கீழே சந்தைக்கே கேட்கும்படி பேசுவார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன புத்தகம் எடுத்தார் என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

கொடுக்கிற புத்தகத்தை எல்லாம் பழைய பத்திரிகையில் சுற்றித்தான் கொடுப்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் தலைப்பைப் பார்த்துவிடக் கூடாதாம். ஒருநாள் வெற்றிலைக் கடைக்காரர் மத்தியானப் பசியில் இடியப்பப் பார்சல் என்று நினைத்துப் பிரித்தார். உள்ளே மாடு வளர்ப்பு.

ஒருமுறை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வந்தார். பத்திரிகை மேசையே கதியென்று கிடக்கும் நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"தொழிலாளர் சட்டப் புத்தகத்த எங்க லயத்து வீடுகள்ல யாரோ எடுத்துட்டுப் போயிருக்கானாம். யாருன்னு சொல்லு."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லலாங்க ஐயா. நாளைக்கு ஒங்க வீட்டம்மா வந்து, நீங்க எடுத்த புத்தகம் என்னன்னு கேட்டா அதையும் சொல்லிறட்டுங்களா?"

கிளாக்கர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

இப்படிப்பட்ட நூலகத்துக்குத்தான் போன வருடம் புதிய பொறுப்பாளர் வந்தார். பட்டதாரி, கையில் இரண்டு போன். வந்த வாரமே படிக்கட்டு வாசலில் பெரிய டீவி ஒன்றை மாட்டினார். 'இந்த வாரம் யார் என்ன வாசித்தார்?' என்ற தலைப்பில் பெயர், படம், புத்தகம் எல்லாம் ஓடியது. பேஸ்புக்கிலும் போட்டார்.

"வாசகர் ரகசியம்னு ஒன்னு இருக்கு சேர். எங்களுக்கு மொதல்ல படிச்சுக் குடுத்ததே அதத்தான்" என்றார் மிஸ்.

"அது பழைய காலம் மிஸ். இப்ப நாலு பேரு பார்க்கணும்."

நாலு பேர் பார்த்தார்கள். முதல் பலி, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் கராம்பு வியாபாரி. அவர் எடுத்தது மூல நோய்க்கான வைத்தியப் புத்தகம். மறுநாள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"என்ன மிஸ் இது! கடைக்கு வாறவனெல்லாம் 'நானா, இப்ப குந்த ஏலுமா'ன்டு கேக்கிறான்!"

சிரிப்பு அதோடு முடிந்தது. அடுத்து தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்து, விவாகரத்துச் சட்டப் புத்தகத்தைச் சுற்றிய பத்திரிகைகூடப் பிரிக்காமல் மேசையில் வைத்தாள். அவள் புருஷனின் தம்பி ஓட்டோவை நிறுத்துவது அந்த டீவிக்கு நேர் கீழே.

"வேணாம் மிஸ்" என்று தலை குனிந்தபடியே இறங்கிப் போனாள்.

மிஸ் அந்தப் பார்சலைத் தன் பெயரில் பதிந்து, எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அத்தனை வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். பஸ் ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டார்.

"இது இப்ப எம்பேர்ல இருக்கு. நீ நிம்மதியா படிச்சிட்டுக் குடு புள்ள."

அன்றிலிருந்து யார் எதை எடுத்தாலும் மிஸ் தன் பெயரிலேயே பதிந்தார். அடுத்த வாரம் டீவியில் மிஸ்ஸின் படம் மட்டும்தான். கீழே அவர் 'வாசித்த' புத்தகங்கள்: விவாகரத்துச் சட்டம், மூலத்துக்கு வைத்தியம், ஆண்களின் வழுக்கை, குடியை மறப்பது எப்படி, கடனிலிருந்து மீள்வது எப்படி, தொழிலாளர் சட்டம், பன்றி வளர்ப்பு. டவுனே நின்று சிரித்தது. உக்குவளையிலிருந்து அவருடைய தம்பி பதறிக்கொண்டு வந்தார்.

"அக்கா, யார விவாகரத்துப் பண்ணப் போற? ஒனக்குக் கல்யாணமே ஆகலையே!"

"படிச்சு வச்சிக்கிறேன்டா" என்றார் மிஸ்.

பொறுப்பாளருக்குக் கோபம். "இது விதிக்கு முரண் மிஸ். ஒங்கள வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி மேல எழுதுவேன்."

"எழுதுங்க சேர். வாசகர் படிக்கிறத ஊருக்குக் காட்டணும்னு எந்த விதியில இருக்குன்னு அதுலயே சேர்த்து எழுதிருங்க."

மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. நான்காம் நாள் டீவியில் நூலகம் திறக்கும் நேரம் மட்டும் ஓடியது. அதற்கடுத்த மாதம் அவரே மிஸ்ஸின் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மிஸ், ஒரு புத்தகம் வேணும்... ஒங்க பேர்ல போட முடியுங்களா?" என்றார். மிஸ் ஒன்றும் கேட்காமல் பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தார்.

எங்கெங்கோ பளிங்குத் தரை போட்ட நூலகங்கள் இருக்கலாம். நூலகர் என்றால் யார் என்று தெரிய வேண்டுமானால் எங்கள் சந்தை மாடிக்கு வாருங்கள்.

இன்னொன்று. டவுனே சிரித்த அந்தப் பட்டியலில் ஒரு புத்தகம் எனக்காக எடுத்தது. எது என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மிஸ்ஸும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வழியில் கண்டால், "சாப்பாடு, தூக்கமெல்லாம் ஒழுங்கா நடக்குதா தம்பி?" என்று மட்டும் கேட்பார். நான் பதில் சொல்லும்வரை, வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கேயே நிற்பார்.