மாலுமியைச் சாய்த்த ரிவர்ஸ் அங்கிள்

உள்நாட்டுப் போரில் பீரங்கிகளால் சாய்க்க முடியாத ஓர் அமெரிக்க மாலுமியை, நூற்றுமுப்பது வருடம் கழித்து, மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் சாய்த்த ஒரே தமிழர் எங்கள் ரிவர்ஸ் அங்கிள்தான்.

1996 ஏப்ரல். அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் எங்கள் அபார்ட்மென்ட்டில் இருந்த கோயம்புத்தூர்க்காரர். முன்பக்கமாக ஒழுங்காகத்தான் ஓட்டுவார். ரிவர்ஸ் போட்டால் கண்ணை மூடிக்கொள்வார். லைசென்ஸ் டெஸ்டில் நான்கு முறை ஃபெயில். ஐந்தாவதற்குப் பழக அவரே தேர்ந்தெடுத்த இடம், பழைய கல்லறைத் தோட்டம். லைசென்ஸ் வைத்திருந்த குற்றத்துக்காகப் பக்கத்து சீட்டில் நான்.

"ஏனுங்க தம்பி, இங்க யாரு மேல மோதினாலும் புதுசா ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க."

ஆனது. பம்பர் தொட்டதும் ஒரு கல் மெதுவாக மல்லாந்தது. இறங்கிப் படித்தோம். கப்பற்படை மாலுமி, குண்டுமழைக்கு நடுவே காட்டிய வீரத்துக்காகப் பதக்கம் பெற்றவர்.

அங்கிளின் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. போலீஸ் கேஸ் விழுந்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டும்.

"கிளம்பிடலாம் அங்கிள். யாரும் பாக்கல."

"அவரு பாத்துட்டாருங்களே!" கல்லைக் காட்டினார். "குண்டு போட்டப்பவே ஓடாத மனுசனுங்க. அவரு முன்னால நான் ஓடறதுங்களா?"

நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், இரண்டு கைகளையும் விலங்குக்கு வாகாக நீட்டினார். அங்கிருந்த அம்மாள் சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே, அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கல், நிமிர்த்திவிடலாம் என்றாள். அங்கிள் விடவில்லை.

"நோ மேடம், ஐ ஹிட் ஹிம். ப்ளீஸ் ரைட் ரிப்போர்ட்!"

அவளிடம் இருந்தது ஒரே ஒரு படிவம், உறவினர்களுக்கானது. ‘இறந்தவருக்கு என்ன உறவு?’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"சிநேகிதர்னு போட்டா பொய்யாயிருமுங்க தம்பி. தெரிஞ்சவர்னு போட்டுர்றேன். காத்தால இருந்து தெரியுமில்லீங்க?"

மே மாதம் நகராட்சி முத்திரையுடன் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று நாள் பிரிக்காமல் சாமி படத்தடியில் வைத்திருந்தார். ஆன்ட்டி சூட்கேஸ்களைத் தூசி தட்டிவிட்டார். கடைசியில் பிரித்தவன் நான். சம்மன் இல்லை, படைவீரர் நினைவு நாளுக்கு அழைப்பு. அந்த மாலுமிக்கென்று உறவினர் பதிவேட்டில் இருந்த ஒரே பெயர் அங்கிளுடையது.

கோட்டு, டை, நெற்றி நிறைய விபூதியுடன் விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாலுமியின் பெயரைப் படித்துவிட்டு, குடும்பத்தார் எழுந்து நிற்கலாம் என்றார்கள். யாரும் அசையவில்லை. அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

அவர் தனியாக நிற்க வேண்டாமே என்று நானும் எழுந்துவிட்டேன்.