ஐந்து சாரம்

என் மகள் ஐனாவுக்கு ஒரு வயது. அவள் ஒரு நாளைக்கு நனைப்பது நாலு துணி. அவளுடைய வாப்பா மாற்றுவது, இடுப்பில் கட்டுகிற சாரம் ஐந்து.

அவர் பெயர் ஹில்மி. த்ரீவீல் ஓட்டுகிறவர். வயது நாற்பத்திரண்டு. சிலாபத்திலிருந்து புத்தளம் வரைக்கும் எந்தக் கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு சொட்டு மூத்திரம் பட்ட சாரத்தோடு தொழ முடியாது. அதனால் ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு சாரம்.

பக்கத்து வீட்டு ஃபஹ்மியா எங்கள் கொடியில் காயும் சாரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன புள்ள, ஒங்கட வீட்டுல எத்தின ஆம்புள?"

சாரம் பெரிசில்லை. நாலு மாதமாக அவர் ஹோலில் பாய் போட்டுப் படுத்தார். அதுதான் என்னை வாட்டியது. பிள்ளை பெற்று நான் பருத்துப்போனேன், அவருக்கு அலுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கேட்கவும் வெட்கம். ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"ஏன் ஹோலுல படுக்கிறீங்க?"

"வெக்கையா இரிக்கி."

"ஃபேன் ரூமுலதானே இரிக்கி?"

"அந்தக் காத்து ஒத்துக்கொள்ளுதில்ல."

"டொக்டர்கிட்ட போவமா?"

"காத்துக்கா?"

"ஒங்களுக்கு."

"எனக்கென்ன வருத்தம்? நான் கல்லு மாதிரி இரிக்கேன்!"

சொல்லிக்கொண்டே கக்கூஸுக்கு ஓடியது கல்லு.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். வாதாட வராது. ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தலைவலி என்றாலும் டொக்டரிடம் அவர்தான் சொல்வார். நான் முக்காட்டுக்குள் தலையாட்டுவேன். அதை நினைத்ததும் அன்றைக்கே நோயாளியானேன்.

"எனக்கு ஏலாது. டொக்டர்கிட்ட கூட்டிக்கொண்டு போங்க."

"என்ன செய்யுது?"

"அடிக்கடி ஒண்டுக்கு வருது. போனா நூலு மாதிரித்தான் வருது. முடிஞ்சி எண்டு எழும்பினா பொறவும் சொட்டுது."

அவர் முகம் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்தது. "ஒனக்குமா?" என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு சொல்ல வெக்கம். நீங்கதான் சொல்லணும்."

முந்தலில் டொக்டர் பஸ்தியானின் டிஸ்பென்சரி. துண்டுச் சீட்டில் என் பெயர். இவர் எனக்குத்தான் நோய் என்று மெல்லத் தொடங்கினார். பிறகு குளத்து வான்கதவு திறந்து தண்ணீர் பாய்கிற மாதிரி.

"எந்த நேரமும் முட்டுது டொக்டர். வந்தா அடக்க ஏலாது. ராவைக்கு அஞ்சு தரம் எழும்புற. கை கால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டு பள்ளியில சஃப்பு வரிசையில போய் நிண்டா, ஒரு சொட்டு! பக்கத்துல நிக்கிற ஆம்புளைகள இடிச்சிக்கொண்டு வெளிய ஓடணும். என்ன மானக்கேடு டொக்டர்!"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி பள்ளியில ஆம்பிளைகளுக்கு நடுவுலயா நிண்டு தொழுறவ?"

நான் சுவரிலிருந்த கலண்டரைப் படித்தேன்.

டொக்டர் துண்டில் என் பெயரை வெட்டிவிட்டு ஹில்மி என்று எழுதினார். "சரி. மனிசியோட இருக்கிறதிலயும் கரைச்சலோ?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"கனபேருக்கு இது ரெண்டும் சேர்ந்துதான் வரும். நரம்போ, ரத்த ஓட்டமோ, சீனியோ, எதெண்டு பார்ப்பம். ஒண்டைச் சொல்லி மற்றதை மறைச்சா நான் எப்பிடி மருந்து தாறது?"

ரத்தம் பார்த்தார்கள். சீனி ஏறியிருந்தது.

திரும்பி வரும்போது த்ரீவீலை ஓரங்கட்டினார்.

"ஏலாதவன் எண்டு நீ நெனச்சிருவா எண்டுதான் புள்ள ஹோலுல படுத்த."

"நான் வடிவில்லாமப் போன எண்டு நெனச்சேன்."

"ஒனக்கென்ன பைத்தியமா?"

அவ்வளவு இனிப்பாக அவர் என்னை ஏசியதே இல்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒனக்கு ஒரு வருத்தமும் இல்லியா?"

"இல்ல."

"எனக்கு உள்ளது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அஞ்சு சாரத்தயும் கழுவுறது ஆரு?"

டொக்டர் தந்த குளிசையை விழுங்கி, சீனி போடாத பிளேன்டியைக் குடித்தார். மூன்று மாதத்தில் பாய் அறைக்குத் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ். சிரிக்காமல் கேட்ட டொக்டருக்கும், எனக்காக வாய் திறந்த இவருக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். சாரமும் இரண்டாகக் குறைந்துவிட்டது.

ஆனால் அந்த இரண்டையும் இப்போது அவரேதான் கிணற்றடியில் கழுவுகிறார். நான் இன்னும் எதைக் கண்டுபிடிப்பேனோ என்று அவருக்குப் பயம்.

நானும் மகளுடைய நாலு துணியையும் அந்த வாளிக்குள் போட்டுவிட்டேன்.